என் அண்ணன் போட்ட விருந்து

என் அண்ணன் சுமாலிக் எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டான். கூடப் பிறந்தவளே இப்படிப் பேசலாமா என்று கேட்கிறவர்கள், அவன் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்து கேட்கட்டும். எங்கள் பேச்சு மூவாயிரம் வருடம் பழசு, எங்கள் சாமிகள் அதைவிடப் பழசு என்று வெளியூர்க்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் ரும்பூர்ப் பள்ளத்தாக்குக்கு வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். இருக்கட்டும். அத்தனை பழைய பேச்சில் கஞ்சனைத் திட்ட நல்ல நல்ல வார்த்தைகள் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் நான் அண்ணன்மேல் செலவழித்தாகிவிட்டது.

எங்களில் ஒருவர் செத்தால் மூன்று நாள் பிணத்தை நடுவில் கிடத்திச் சுற்றி ஆடுவோம். குலத்துப் பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இன்னார் மகன் இன்னார், இத்தனை ஆடு வெட்டினார், இத்தனை பானை நெய் ஊற்றினார் என்று முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்வார். கொடுத்ததைத்தான் சொல்வார். கொட்டிலில் கட்டி வைத்திருந்ததைச் சொல்லும் வழக்கம் இல்லை. எங்கள் அப்பா பாவம், இல்லாதவர். அவர் செத்த அன்று குலத்துப் பெரியவரான பசீக் பெரியப்பா தாத்தாவின் பெருமையை மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, அப்பா பெயர் வந்ததும் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அண்ணனுக்கு அப்போது இருபது வயது. அவன் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன்.

அன்றே சொன்னான். "நூர்சியா, நான் பீராமோர் ஆகப்போறேன். என் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பெரியப்பாவுக்குத் தொண்ட வறண்டு போகணும்."

பீராமோர் என்றால் சும்மா இல்லை. மூன்று பள்ளத்தாக்கு ஜனங்களையும் கூட்டி வைத்து வயிறு வெடிக்கச் சோறு போடுகிறவனுக்குத்தான் அந்தப் பட்டம். ரும்பூரில் தாத்தா காலத்துக்குப் பிறகு ஒருவரும் ஆனதில்லை. ஆசையில் ஒரு குற்றமும் இல்லை, நல்ல ஆசைதான். ஆனால் இந்த மனுஷன் அதற்குக் கண்டுபிடித்த வழி இருக்கிறதே! ஒரு நாள் எல்லோருக்கும் கொடுப்பதற்காக, அதுவரை ஒருவருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டான்.

கல்யாணத்திலேயே ஆரம்பித்துவிட்டான். பக்கத்துப் பள்ளத்தாக்கான பும்புரேத்தில் ஜமேத்தின் அப்பா அந்த வருஷப் பனியில் மந்தையை இழந்து தவித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் போய், நாலு ஆட்டைக் கொடுத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஊரில் இருபது கொடுத்தாலும் முகம் சுளிப்பார்கள். வெட்கப்பட வேண்டியவன், தம்பட்டம் அடித்தான். "நாலே ஆடு! இவளோட கை வேலைக்கே நாலு ஆடு தகும், மத்ததெல்லாம் இனாம்" என்று ஜமேத் அண்ணி ரொட்டி சுடும்போது அவள் காது கேட்கவே விருந்தாளிகளிடம் சொல்வான். விருந்தாளிகளுக்கு அந்த ரொட்டியோடு வெண்ணெய் கிடையாது, பேச்சு மட்டும்தான்.

பெண்கள் ஆட்டுக் கொட்டில் பக்கம் போகக் கூடாது, சுத்தம் கெட்டுவிடும். பாலும் பாலாடைக்கட்டியும் ஆண்பிள்ளை கையிலிருந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். மற்ற வீடுகளில் கூடையில் வரும், அண்ணன் வீட்டில் உள்ளங்கையில் வரும். அண்ணி சோளக்கொல்லையில் முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு வந்து வெறும் ரொட்டியை மெல்லுவாள். எத்தனை ஆடு சேர்ந்தது என்று அவன் தினமும் சொல்லும் கணக்கைத்தான் அவள் தொட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையும் இல்லை. அதையும் அவன் ஒரு மிச்சமாகத்தான் எண்ணினான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அண்ணியின் அம்மா செத்தபோதுதான் அவன் சிறுமை மூன்று பள்ளத்தாக்குக்கும் தெரிந்தது. மாமியார் சாவுக்கு மருமகன் ஆடு ஓட்டிக்கொண்டு போகாமல் இருப்பானா? இவன் ஒரு கூடை உலர்ந்த முசுக்கொட்டைப் பழம் கொண்டு போனான். பாதி புழு. அங்கே பெரியவர் ஒவ்வொரு உறவும் கொண்டுவந்ததை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்து, மருமகன் முறை வந்ததும் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நின்றார். ஜனம் வாயைப் பொத்திக்கொண்டது. அண்ணி பிணத்தின் காலடியில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். பிரீர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த தூரிக், பெண்டாட்டியை இழந்தவர், எங்களுக்கு ஒரு வகையிலும் உறவு இல்லை. துக்கத்துக்கு வந்தவர் தன் பங்காக ஒரு கிடா கொண்டு வந்திருந்தார். "பெரியவரே, அந்தக் கிடாவ மக பேருல சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "பாத்தியா, எவனோ ஒரு மடையன் நம்ம ஆட்ட மிச்சம் பண்ணிட்டான்!"

அடுத்த ஜோஷித் திருவிழா வந்தது. வசந்தத்துக்கு நாங்கள் கொண்டாடுவது. முதல் நாள் காலையில் நானும் அண்ணியும் வாதுமைத் தழை ஒடித்துக்கொண்டிருந்தோம்.

"நூர்சியா, நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் நான் பிரீர் போறேன்டி."

"யாரு வீட்டுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"வயசு என்னாகுது அண்ணி உனக்கு?"

"நாப்பத்திரண்டு. இன்னும் இருபது வருஷம் உங்க அண்ணன் வீட்டுல வெறும் ரொட்டிய மெல்லணும்ங்கறியா? பல்லு தாங்காதுடி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "போய்த் தொல. நான் ஒன்னும் பாக்கல" என்றேன். மறுநாள் ஆயிரம் பேர் முன்னால் என் தோளில் கை போட்டு ஆடிவிட்டு, தூரிக்கோடு நடந்தே போய்விட்டாள். எங்களில் பெண் மனம் மாறினால் போகலாம், கட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஒரே ஒரு முறை உண்டு. முதல் புருஷன் பெண்ணுக்காகக் கொடுத்தது எவ்வளவோ, அதைப் போல் இரண்டு மடங்கு புதியவன் அவனுக்குக் கொடுக்க வேண்டும்.

அண்ணன் அன்று பகல் முழுக்க மார்பில் அடித்துக்கொண்டு கத்தினான். கொல்லுவேன் என்றான், கொளுத்துவேன் என்றான். எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது, சாயங்காலம் சூடாக ரொட்டி சுட்டுக்கொண்டு போனேன். போனால், அடுப்படியில் உட்கார்ந்து விரல் மடக்கிக்கொண்டிருக்கிறான். முகமெல்லாம் பல்.

"நூர்சியா, ரெண்டு மடங்குடி! இருபதுக்கு நாப்பது. எங்கிட்ட அறுபது இருக்கு. நூறு ஆச்சு! விருந்துக்கு நூறு ஆச்சு!"

"பொண்டாட்டி போயிட்டாளே அண்ணே."

"போனா போறா. பீராமோருக்குப் பொண்டாட்டியா கெடைக்காது?"

"நீ எப்ப இருபது குடுத்த? நாலு ஆடுதான குடுத்த?"

"அத யாரு பாத்தா?"

"நீதான இருபத்தஞ்சு வருஷமா ஊரு பூரா சொன்ன!"

"அது சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது" என்றான். கூசாமல் சொன்னான். சட்டுவத்தால் தலையில் ஒன்று போட்டிருக்கலாம், போடவில்லை. ரொட்டியை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பேச்சு முடிக்க பசீக் பெரியப்பாவையும் இன்னும் இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு பிரீர் போனான். அண்ணியைப் பார்க்கும் சாக்கில் நானும் தொற்றிக்கொண்டேன். தூரிக் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்ததும், "நான் இருபது ஆடு குடுத்துக் கட்டினேன்" என்று அண்ணன் ஆரம்பித்தான். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பசீக் பெரியப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"டேய் சுமாலிக், நாலுன்னு நீதானடா சொல்லிட்டு இருந்த. என் பேரப்பசங்களுக்குக் கூட மனப்பாடம்."

"இருபது, பெரியப்பா. ஜேஷ்டக் தாயி மேல ஆண."

எங்கள் குல தெய்வத்தின்மேல் பொய்யாணை! பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் தூரிக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடுங்க பெரியவரே. நாலு ஆட்டுக்கு வந்தவன்னு இவளைச் சொல்லிச் சொல்லியே கரைச்சிட்டாங்க. இன்னைக்கு அவரு வாயாலயே இருபதுன்னு வந்துருச்சு. அதுவே இருக்கட்டும். நாப்பது ஓட்டிக்கிட்டுப் போங்க."

உள்ளேயிருந்து அண்ணி பாய்ந்து வந்தாள். "உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? இருக்கறதே நாப்பத்தேழு!"

"ஏழு மிஞ்சுதுல்ல, போதும். நான் என்ன பீராமோரா ஆகப்போறேன்?"

பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணி அங்கிக் கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். இதெல்லாம் என் அண்ணன் கண்ணில் படவே இல்லை. அவன் ஏற்கெனவே எழுந்துபோய் வேலியோரம் நின்று, எந்த நாற்பது கொழுத்தது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

திராட்சை பிழிந்து முடித்த மாதத்தில் விருந்து. மூன்று பள்ளத்தாக்கும் வந்தது. பிரீரிலிருந்து தூரிக்கும் அண்ணியும்கூட வந்தார்கள், பீராமோர் விருந்துக்கு வராமல் இருப்பது மரியாதை இல்லை. அண்ணன் பட்டு அங்கி போட்டு, தலைப்பாகையில் மலைக்கோழி இறகு செருகி, ஜேஷ்டக் கோயில் வாசலில் நின்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான், பொய் சொல்லக் கூடாது. அண்டா அண்டாவாகக் கறி வெந்தது. நூறு ஆடு என்று ஊரெல்லாம் அவனே சொல்லி வைத்திருந்தான்.

அங்கேதான் அவன் புத்தி வேலை செய்தது. விருந்துக்கு முதல் நாள் கொட்டிலில் நின்று தன் ஆடுகளைப் பார்த்திருக்கிறான். ஒவ்வொன்றாகத் தடவியிருக்கிறான். நாற்பது போதாதா, தின்கிறவன் எண்ணிக்கொண்டா தின்னப்போகிறான் என்று தோன்றியிருக்கிறது. சொந்த அறுபதையும் இரவோடு இரவாக மேல் மலைக்கு ஓட்டிவிட்டான். ஆனால் வெட்டிய ஆட்டின் தலைகளைக் கோயில் சுவரோரம் வரிசையாக வைப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் காதில் ஒரு வெட்டு உண்டு. எங்கள் வீட்டு ஆட்டுக்கு இடது காதில் ஒற்றை வெட்டு, தூரிக் வீட்டு ஆட்டுக்கு வலது காதில் இரட்டை வெட்டு. மூன்று பள்ளத்தாக்கு ஆண்பிள்ளைகளுக்கும் இது அத்துப்படி. பிறந்ததிலிருந்து ஆடு மேய்த்த என் அண்ணனுக்கு இது மறந்துபோனது.

சாப்பிட்டு முடிந்தது. மத்தளம் நின்றது. பசீக் பெரியப்பா கைத்தடியோடு எழுந்தார். முதலில் தாத்தா பெயர், தாத்தா போட்ட விருந்து, எல்லாம் சொன்னார். பிறகு சுவரோரம் நடந்துபோய், தலை தலையாகக் குனிந்து காதைப் பார்த்தார். கடைசித் தலைவரை பார்த்தார். அத்தனை ஜனமும் கூடவே பார்த்தது.

"நாப்பது ஆடு" என்றார். "பிரீர் தூரிக் தன் பொண்டாட்டி ஜமேத்துக்காகக் குடுத்த ஆடு. நம்ம வயிறெல்லாம் இன்னைக்கு நெறஞ்சிருக்குன்னா அது தூரிக் குடுத்தது!"

ஜனம் ஓ என்று கூவியது. எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த தூரிக் திடுக்கிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் நாங்கள் இடுப்பில் கை கோத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டோம், 'நாற்பது ஆட்டு ஜமேத்' என்று அப்போதே யாரோ பாட்டுக் கட்டிவிட்டார்கள். கட்டியவள் நான்தான் என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறான். சொல்லிக்கொள்ளட்டும்.

"பெரியப்பா! என் பேரு! என் பேரச் சொல்லுங்க!" என்று அண்ணன் இறகு ஆடக் கத்தினான்.

"சொல்லாம விடுவனா? இந்தா சொல்றேன்." பெரியப்பா தடியைத் தரையில் தட்டினார். "சுமாலிக். தன் அறுபது ஆட்டையும் மலையில ஒளிச்சு வச்சுட்டு, பொண்டாட்டிய வித்து ஊருக்கு விருந்து போட்டவன்."

அதன்பிறகு இரண்டு சாவு, ஒரு ஜோஷி வந்தது. மூன்றிலும் குல வரிசை சொன்னபோது பெரியப்பா இதையும் ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னார். பிள்ளைகள் அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருக்கின்றன. போன வாரம் நான் பெரியப்பாவுக்கு வாதுமை ரொட்டி கொண்டுபோனபோது அண்ணன் அங்கே அவர் காலடியில் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான்.

"பெரியப்பா, இனிமே என் பேரச் சொல்லாதீங்க. விட்டுடுங்க."

"அது முடியாதுப்பா. நீ போட்டதத் தின்னுட்டோம். தின்ன வாய் சொல்லித்தான் ஆகணும்."

"செத்த பெறகும் சொல்லுவீங்களா?"

"நான் செத்தா இன்னொருத்தன் சொல்லுவான்."

அண்ணன் அழுதான். நான் பார்க்க அவன் அழுதது அதுதான் முதல் தடவை. பெரியப்பாவுக்கு மனம் இளகிவிட்டது. "ஒரு வழி இருக்கு. மேல இருக்கற அறுபதையும் ஓட்டிட்டு வந்து வெட்டிப் போடு. இதுக்குப் பின்னாடியே அதையும் சேத்துச் சொல்றேன். சாகறவரைக்கும் நானே சொல்றேன்" என்றார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். பிறகு, "பாக்கலாம் பெரியப்பா" என்று எழுந்து போனான். அந்த ஆடுகள் இந்த வருஷம் குட்டி போட்டு எழுபத்துமூன்றாகிவிட்டன.