முப்லிஹா கேட்டு வாங்கிய சம்மதம்

2022 ஜனவரி 17: மீதி 3,412
2022 செப்டெம்பர் 5: மீதி 2,060
2023 மே 29: மீதி 871
2024 பெப்ரவரி 12: மீதி 64
2024 பெப்ரவரி 20: மீதி 105
2024 ஜூலை 8: மீதி 0

இவை திருத்த வேண்டியிருந்த கோப்புகளின் கணக்கு. ஐந்தாவது வரியில் தொகை குறையாமல் கூடியிருப்பது பதிவுப் பிழை அன்று. அது ஏன் கூடியது என்பதுதான் காத்தான்குடி முப்லிஹாவின் கதை.

ஆத்தங்கரைப் பக்கம் இருக்கும் அந்த இரண்டு மாடி வீடு, ஊர் வழக்கப்படி அவளுக்குச் சீதனமாக வந்தது. கணவன் ஷிஹான்தான் பெட்டியோடு வந்து சேர்ந்தவன். பிரதான வீதியில் பிடவைக் கடை வைத்திருக்கிறான். மேல்மாடியில், வாவியைப் பார்த்த ஜன்னலோடு, அவளுடைய மேசையும் கணினியும். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போனதும் மேலே ஏறிவிடுவாள்.

"மகள் மேல இரிந்து என்னத்தக் கா செய்யிறா?" என்று பக்கத்து வீட்டு ஸஹீதா கேட்டால், முப்லிஹாவின் உம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்.

"பழசப் பிரிச்சிப் புதுசாத் தைக்கிறா. கூலி எவ்வளவு எண்டு மட்டும் கேட்டுப்போடாதங்க."

உம்மா அறியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னாள். உலகம் முழுவதும் சிறு நூலகங்கள் பாவிக்கும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது ஒரு கம்பனிக்கும் சொந்தமில்லை. அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதைத் திருத்தி வளர்க்கிறார்கள். பாடசாலை நூலகம் ஒன்றுக்கு உதவப் போன இடத்தில் முப்லிஹா அதில் ஒரு பிழையைக் கண்டாள், திருத்தி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள். அன்று பிடித்தது அவளை விடவில்லை.

முப்பது வருடமாகப் பலர் எழுதிய நிரல் அது. திகதியைக் கணிக்க ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வழியில் எழுதி வைத்திருந்தார்கள். வயல் வட்டைக்கு ஒரு மரைக்கால் வைத்து நெல் அளந்தால் கணக்கு எப்படிச் சரிவரும்? எல்லாவற்றையும் ஒரே அளவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வருடக்கணக்காகப் பேசினார்கள்; ஒருவரும் கை வைக்கவில்லை. இளையவனை முன்பள்ளியில் சேர்த்த மாதம் முப்லிஹா கை வைத்தாள்.

அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். திருத்தத்தை அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் படித்துச் சம்மதம் எழுத வேண்டும். பிறகு எழுதும் உரிமை உள்ள ஒருவர் அதை உள்ளே சேர்ப்பார். முப்லிஹாவுக்கு அந்த உரிமை இல்லை. வாசலில் நின்று சாமானை நீட்டுகிறவள் மாதிரி, யாராவது வந்து வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். திகதி வேலை முடியும்போது தனக்கும் அந்த உரிமை கிடைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கிடைக்காவிட்டால், வேலை முடிந்த மறுநாளே அவளை மறந்துவிடுவார்கள். இதை ஷிஹானிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

2024 ஜனவரியில், இரவல் கொடுக்கும்போது சீட்டு அச்சிடும் பகுதிக்கு வந்து சேர்ந்தாள். நாற்பத்தொரு கோப்புகள். அதன் பொறுப்பாளர் நோர்வேக்காரர், வயதானவர். தீவு தீவாகப் புத்தகம் கொண்டுபோகும் படகு நூலகம் ஒன்றில் வேலை செய்கிறவர். திருத்தத்தை அனுப்பினாள். பதில் இல்லை. பணிவாக இன்னொரு தடவை எழுதினாள். அதற்கும் இல்லை. மூத்த மனிதரிடம் மூன்றாம் தடவை கேட்டு நச்சரிப்பது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை.

"பொறுப்பாளர் சம்மதமா?" என்று திருத்தத்தை உள்ளே சேர்ப்பவர் கேட்டார்.

"அவருக்கு ஆட்சேபம் இல்லை" என்று முப்லிஹா எழுதினாள்.

அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே வீட்டில், வாப்பாவும் இரண்டு சாட்சிகளும் அறை வாசலில் நின்று, "ஷிஹானுக்கு உன்ன முடிச்சித் தரச் சம்மதமா மகள்?" என்று கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ள பேசல்ல. சம்மதந்தான்" என்று சாட்சிகளில் ஒருவர் சொல்ல, வெளியே போய் நிக்காஹை முடித்தார்கள். அந்த மௌனத்தின் மேல் ஒரு குடும்பமே நிற்கிறது. பேசாமல் இருப்பதற்கு வேறு பொருள் இருக்கும் என்று அவளுக்கு ஏன் தோன்ற வேண்டும்?

பெப்ரவரி 12ஆம் திகதி திருத்தம் உள்ளே போனது. ஒரு வாரத்தில் நோர்வேயிலிருந்து கடிதம் வந்தது. படகு நூலகத்தின் பழைய அச்சு இயந்திரம், திகதி விளங்காமல், எல்லாப் புத்தகங்களையும் கணினிக் கணக்கின் தொடக்க நாளான 1970 ஜனவரி முதலாம் திகதி திருப்பித் தரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருந்தது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று, தான் பிறப்பதற்கு முன்பே புத்தகத்தைத் தந்திருக்க வேண்டுமா என்று கேட்டதாம். கடைசியில் இரண்டு வரி: "எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பரிசோதித்துக்கொண்டிருந்தேன், எங்கள் பக்கத்தில் யோசித்து முடியாதவன் பேசமாட்டான்."

பகல் சாப்பாட்டுக்கு வந்த ஷிஹானுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டான்.

"அப்ப அண்டைக்கு நீயும் யோசிச்சிக்கிட்டா இரிந்த?"

"இன்னமும் யோசிக்கிறன்."

"சரி, சரி. சின்னதா ஒரு திருத்தம் எழுதிச் சத்தமில்லாம ஒட்டி உட்டா என்ன?"

"ஒட்டலாம். அவர்ட சம்மதம் இல்லாம ரெண்டாந்தரமும் கை வெச்ச மாதிரி ஆகும்."

"உள்ள போனத முழுசா எடுத்துப்போட்டா உன்ட பிழை எல்லாருக்கும் தெரியுமே. அந்த உரிமைய மறந்துபோட வேண்டியதான்."

அவள் குழைத்த சோற்றை முடித்து, கையைக் கழுவி மேலே போனாள். மறுநாள் நாற்பத்தொரு கோப்புகளையும் பழையபடி ஆக்குமாறு எல்லோருக்கும் பொதுவாக எழுதினாள். "பொறுப்பாளர் சம்மதிக்கவில்லை. சம்மதித்த மாதிரி நான் எழுதியது பிழை." அறுபத்து நான்கு நூற்றைந்தாகக் கூடியது அப்படித்தான்.

பிறகு வேலை மெதுவாகத்தான் நடந்தது. நோர்வேக்காரர் பழைய சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பினார். அந்த இயந்திரம் பழைய அளவையை மட்டுமே விளங்கிக்கொள்ளும் என்று தெரிந்தது. புதிய திகதியைப் பழையதாக மாற்றிக் கொடுக்க ஒரு சிறு பகுதியை எழுதினாள். ஒரு கேள்வி அனுப்பினால் பதில் வர இரண்டு கிழமை ஆகும். நோன்பு வந்தது, பெருநாளும் போனது. முப்லிஹா காத்திருந்தாள். பதில் வராவிட்டால் மூன்றாம் தடவையும் கேட்டாள், நான்காம் தடவையும் கேட்டாள். ஜூன் கடைசியில் அவர் தன் பகுதிக்குச் சம்மதம் எழுதினார். ஜூலை 8ஆம் திகதி மீதி பூச்சியம்.

மறுநாளே ஒருவர் அவளுடைய பெயரை எழுதும் உரிமைக்கு முன்மொழிந்தார். விதி இது: ஒரு வாரத்துக்குள் பொறுப்பாளர் ஒருவராவது ஆட்சேபித்தால் உரிமை இல்லை, பேசாதவர் சம்மதித்தவராகக் கணக்கு. ஒவ்வொருவராகச் சம்மதம் எழுதினார்கள். நோர்வேக்காரர் எழுதவில்லை.

"நாளைக்கு வாரம் முடியிது" என்றான் ஷிஹான். "வாய மூடிக்கிட்டு இரி. இந்தத் தரம் சட்டமே உன்ட பக்கம்."

"பொறுப்பாளர் கதைக்கல்ல, அப்ப சம்மதம் எண்டு நானும் அண்டைக்கு எடுத்தன். அது பிழையாப் பெய்த்து. இப்ப சட்டம் அவருக்காகக் கதைக்கப் போகுது. மனிசன் எப்பதான் தன்ட வாயால கதைக்கிற?"

"வேணாம் எண்டு சொன்னா?"

"சொன்னா, வேணாந்தான்."

ஷிஹான் கதவு வரை போய்த் திரும்பி வந்தான். "உன்ட வாப்பாவும் அண்டைக்கி இப்பிடி நிண்டு கேட்டிருந்தா, நான் இன்னமும் பந்தலுக்குள்ளதான் இரிக்கணும்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே எழுதி அனுப்பினாள்: அவர் வார்த்தையால் சொல்லும்வரை முடிவெடுக்க வேண்டாம்.

சிலருக்கு அது விளங்கவில்லை. விதி விதிதானே என்றார்கள். முடிவு நின்றுபோனது. முப்லிஹா மேசையில் இருந்து வேறு சில பிழைகளைத் திருத்தினாள். வாவியில் வலை வீசுகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். ஸஹீதா முறுக்குக் கொண்டுவந்து, "தையல் முடிஞ்சிதா?" என்று கேட்டாள். "துணிக்காரர் சொல்லணும்" என்றாள் உம்மா.

நோர்வேக்காரரின் கடைசிக் கடிதத்தோடு ஒரு சீட்டின் படமும் இருந்தது. திருப்பித் தரவேண்டிய திகதி அதில் சரியாக அச்சாகியிருந்தது. எழுதியிருந்தது கொஞ்சம்தான்: "நீ காத்திருந்தபடியால் அவசரமில்லாமல் யோசித்தேன். இப்போது யோசித்து முடிந்துவிட்டது. சம்மதம்."

அது வந்து சேர்ந்தது 2024 ஜூலை 23, செவ்வாய்க்கிழமை.