ஒம்பது சுண்டு வெரலு

மருந்தே இல்லாம ஒம்பது புள்ளைகளுக்குப் போலியோ மருந்து போட்டு முடிச்ச ஆளு நான். அப்ப எனக்குப் பதினோரு வயசு. அறிவு அதுல பாதிதான் வளந்திருந்துச்சு. மீதி இன்னமும் வந்துக்கிட்டிருக்கு.

சின்னமனூருக்குப் பக்கத்துல எங்க ஊரு. எங்க அத்தை பால்வாடி டீச்சர். போலியோ மருந்து போடுற ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துல மேசை போட்டு, கொழந்தைக வாயில ரெண்டு சொட்டு விட்டு, இடது கை சுண்டு வெரல்ல மை வைப்பாக. மறுநா அத்தையும் நர்சம்மாவும் வீடு வீடாப் போயி, மை இல்லாத புள்ளையத் தேடிப் புடிச்சு மருந்து விடுவாக.

வாய்க்காலுக்கு அங்கிட்டு செங்கச் சூளை. ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வந்த சனங்க அங்கனயே குடிசை போட்டுக் கல்லு அறுத்தாக. அறுத்த கல்லுக்குத்தான் கூலி. அதனால அன்னைக்கி ஒரு தாயும் வேலைய விட்டுட்டு புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள வரல. சாயங்காலம் என் தம்பியக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனேன். அவன் மை வச்ச வெரல ஆட்டிக் காமிச்சதுல சூளைப் புள்ள ஒருத்தி, "எனக்கும் வையி"ன்னு ஒரே அழுகை. எனக்கு மனசு எளகிருச்சு. வீட்டுக்கு ஓடி, அத்தை பையிலருந்த மைப் பேனாவத் தூக்கியாந்து ஒம்பது வெரல்லயும் வச்சேன். "வரிசையா நில்லுங்க"ன்னு அதட்டல் வேற.

மறுநா மத்தியானம் அத்தையும் நர்சம்மாவும் எங்க வீட்டுல டீ குடிச்சாக.

"சூளைப் புள்ளைக ஒன்னு விடாம நேத்தே வந்திருக்குக, மதினி. கூட்டத்துல நமக்குத்தான் தெரியல. இப்ப ரோட்டுல நின்டே கையத் தூக்கச் சொல்லிப் பாத்துட்டு வந்துட்டோம்"னு அத்தை எங்கம்மாட்டச் சொல்லவும், எனக்குப் பெருமை தாங்கல.

"அத்தை, அந்த மை நான் வச்சது!"

"ஏலே, மருந்து?"

"அது எங்கிட்ட ஏது? மைதான இருந்துச்சு."

நர்சம்மா டீயப் பாதியில வச்சுட்டு மருந்து இருந்த ஐஸ் பெட்டியத் தூக்குனாக. "ஐயோ, அந்தச் சனங்க இன்னைக்கி வேற சூளைக்குக் கெளம்புறாகளே!"

என்னையும் இழுத்துக்கிட்டு ஓடுனாக. சூளையில லாரி நிக்கிது, சட்டி பானையெல்லாம் ஏத்தியாச்சு. டிரைவர் ஆரன் அடிக்கிறான். நர்சம்மா வண்டிக்கு முன்னாடி போயி நின்டாக.

"ஒம்பது வாயும் தொறக்காம வண்டி நகராது, தம்பி. எங்கய்யா டாக்டரு? ஒங்க பேஷண்டையெல்லாம் எறக்குங்க."

டாக்டர் நான்தான். ஒவ்வொன்னாக் கைகாட்டுனேன். ஒம்பதுக்கும் சொட்டு விழுந்துச்சு. ஒன்னுகூடத் தப்பல.

அடி விழும்னு பம்மி நின்ட என்கிட்ட, மொதல்ல அழுத புள்ளையோட தாயி வந்தாக. அவுக பேசி முடிச்சதும் அத்தை மொகமும் நர்சம்மா மொகமும் ஏன் தொங்கிப்போச்சுன்னு எனக்கு வெளங்கல. திட்டு எனக்கில்லன்னு மட்டும் தெரிஞ்சு குஷியா நின்டேன். அவுக சொன்னது இதுதான்:

"நீ சின்னப் பய, வெளாடிட்ட. வெரலப் பாத்துட்டு ரோட்டோட திரும்புனாகளே இவுக ரெண்டு பேரும், புள்ளைக்கு மருந்து விட்டாச்சான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா?"