பைக்ரோமேட்டும் டீத்தண்ணியும்

என் கணவருக்குச் சேலையூர் கேம்ப் ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ. எண்பதுகளில் அவர் பேர் வாங்கியது கையால் அச்சிட்ட பெரிய படங்களால். பிசினில் சாயத்தையும் பைக்ரோமேட் என்கிற ஆரஞ்சு நிற உப்பையும் கலந்து, தடித்த காகிதத்தில் பூசி, நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால் வண்ண ஓவியம் போல ஒரு முகம் வரும். கலப்பது, பூசுவது, கழுவுவது நான். கீழே கையெழுத்து அவர்.

கொஞ்ச நாளில் என் விரல் மூட்டுகளில் குழி விழுந்தது. வலிக்கவில்லை, ஆறவும் இல்லை. தாம்பரத்து டாக்டர் பார்த்துவிட்டு, "அந்த உப்பு பண்ற வேலைம்மா இது. இனிமே தொடாதீங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன்.

"க்ளவுஸ் போட்டுக்கோ" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

க்ளவுஸோடு பிரஷ் பிடித்தால் பூச்சில் கோடு விழுந்தது. அதற்கும் திட்டு. கழற்றி எறிந்தேன்.

என் தங்கை கெமிஸ்ட்ரி டீச்சர். "இரும்பு உப்புல பண்ற முறை ஒண்ணு இருக்குக்கா. ஆசிட் படாம பாத்துக்கணும், அவ்வளவுதான். பச்சைத் தண்ணியில கழுவினா போதும்" என்று சொல்லி, உப்புகளையும் வாங்கித் தந்தாள். படம் வந்தது. ஆனால் முழுக்க நீலம்.

"செத்தவன் மூஞ்சி மாதிரி இருக்கு. எவன் வாங்குவான்?" என்றார் கணவர்.

நான் விடவில்லை. சலவைச் சோடாவில் நீலத்தை வெளுக்கவைத்து, கெட்டியான டீத்தண்ணியில் ஊறவைத்துப் பார்த்தேன். எத்தனையோ காகிதம் வீணானது. கடைசியில் ஒரு மத்தியானம் எங்கள் தெரு மீன்காரம்மாவின் முகம் அழகான பழுப்பில் தெளிந்து வந்தது. மொட்டைமாடியில் தனியாக நின்று சிரித்தேன்.

அந்தப் படங்களைக் கணவர் நகரத்தில் ஒரு கண்காட்சியில் மாட்டினார். ஒருவர் வந்து, "என்ன கெமிக்கல் சார் இது?" என்று கேட்டார்.

"நானே கண்டுபிடிச்சது சார். ஒய்ஃபுக்குக் கை சரியில்ல. அவளுக்காகத்தான்."

கண்டுபிடித்ததைத் திருடியதுகூடப் பரவாயில்லை. 'அவளுக்காக' என்றாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாராட்டினார்களே தவிர ஆர்டர் வரவில்லை. பணக்கார வீடுகளுக்குக் கலர்தான் வேண்டியிருந்தது. பைக்ரோமேட் டப்பா திரும்ப மேசைக்கு வந்தது. நான் தொடமாட்டேன் என்றேன். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். அவளிடம் என் விரல்களை நீட்டிக் காட்டினேன்.

"தெரியுதுக்கா. அத்த பாத்துகினு இருந்தா வவுறு ரொம்புமா?" என்றாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவள் கையிலும் குழி விழுந்தது. "நாளைலேருந்து வராதே" என்றார் கணவர். டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

அதற்கப்புறம் பூச ஆளில்லை. அவரே பூசியிருக்கலாம். ஒருநாளும் அந்தக் கரைசலில் அவர் விரல் நனைந்ததில்லை. தொண்ணூறுகளில் ஸ்டுடியோ பாஸ்போர்ட் போட்டோவோடு நின்றுபோனது.

"ரெண்டு பொம்பளைங்க சேந்து என் கலையைக் கெடுத்துட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்களுக்கு நான் காபி கொண்டுவந்து வைப்பேன்.