இரண்டு பாட்டுக்கு நடுவில்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. படித்தவர்கள் நாலைந்து பேர் கூடிச் செய்கிற பாட்காஸ்டை கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் என் வீட்டுப் பின்னறையில் ஒற்றை ஆளாகச் செய்தேன். நாற்பது வருஷம் மைக் செட் வாடகைக்கு விட்டவன் நான். இந்த வட்டாரத்தில் என் குழாய் ஸ்பீக்கர் ஏறாத மரம் கம்மி.

யாரிடமும் கேட்காமல் கற்றேன். பதிவின்போது ஃபேனை நிறுத்த வேண்டும். ஃப்ரிட்ஜையும் நிறுத்த வேண்டும். திரும்பப் போட மறந்து இரண்டு தடவை பால் திரிந்து வீட்டில் திட்டு வாங்கினேன். சுவரில் பந்தல் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். பௌர்ணமியன்று மைக்கைத் தொடவே கூடாது, கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் ஜமுக்காளத்தையும் தாண்டி வரும். இதெல்லாம் என் காதே கண்டுபிடித்தது. கடைசியாகக் கற்றது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு முப்பது வருஷச் சிநேகிதன் ஒருவன். ஷேர் ஆட்டோ ஓட்டினான். அண்ணாமலையார் மேல் தானே பாட்டுக் கட்டித் தானே பாடுவான். தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

"குரல் போறதுக்குள்ள எல்லாத்தையும் புடிச்சு வெச்சுடுறேன்" என்றேன்.

"வெச்சு? ஊறுகா போடப் போறியா?" என்று கேட்டான். ஆனால் மறுநாள் காலையிலேயே மனைவியோடு வந்துவிட்டான்.

அவள் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து தண்ணீர் சுடவைப்பாள். ஒரு பாட்டு முடிந்ததும் இருமுவான். "இந்தா, சுடுதண்ணி கொண்டா" என்று அவளைக் கூப்பிடுவான். அடுத்த பாட்டின் முதல் அடி மறந்துபோனால், "ஏம்மே, அடுத்தது இன்னா?" என்பான். அவள் அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பாள். "ஆட்டோவுக்கு ஸ்டெப்னி மாதிரி எனக்கு இவ" என்பான். ஆபரேஷன் வரைக்கும் தினமும் இப்படித்தான் நடந்தது.

பாட்டு முடிந்த கணத்தில் என் கை தானாக மைக்கின் வால்யூமை இறக்கிவிடும். மைக் செட்காரனுக்கு அதுதான் முதல் பாடம். பாடுகிறவன் வாயை மூடினால் நாம் மைக்கை மூட வேண்டும். இல்லாவிட்டால் பந்தலில் பேசுகிற வீட்டுச் சண்டை தெருவுக்கே கேட்கும். வேறொரு செட்காரன் அதை மறந்ததில், மாப்பிள்ளையின் அப்பா சாப்பாட்டைக் குறை சொன்னது கடைத்தெரு வரைக்கும் போய்க் கைகலப்பே ஆனது. என் செட்டில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

பதினோரு பாட்டு தேறியது. ஒவ்வொன்றுக்கும் முன்னுரை நானே பேசினேன். கேட்டவர்கள் ரேடியோ மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று எழுதினார்கள். பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அவன் கழுத்தில் துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. பேச்சு அடியோடு நின்றுவிட்டது. அவள்தான் பேசினாள்.

"அண்ணா, பாட்டெல்லாம் என் போன்லயே இருக்குது. அவரு பேசுனது வேணும்."

"பேசுனதுன்னா?"

"என்னக் கூப்பிடுவாரே, சுடுதண்ணி கேட்டு. அது போதும். வீட்ல நான் மட்டும்தான் பேசினு கீறேன். பக்கத்துல இருக்குற மனுஷன் பேச்ச போன்ல யாருணா புடிச்சு வெக்கிறாங்க? உங்க மைக்கு முன்னாடிதான் அத்தினி நாளு பேசுனாரு."

"இருக்கும்மா" என்றேன். என் தொழிலில் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

லேப்டாப்பைத் திறந்து, வெட்டாத பதிவுகளை முதலிலிருந்து ஓடவிட்டேன். பாட்டு முடியும். குழாயை இறுக்கி மூடிய மாதிரி சத்தம் நின்றுபோகும். ஒரு செருமல்கூட இல்லை. பிறகு அடுத்த பாட்டு. வெட்டி எறிந்திருந்தால் எங்கேயாவது தேடி எடுக்கலாம். இது பதிவே ஆகவில்லை. அவள் ஸ்பீக்கர் பக்கமாகக் குனிந்து பதினோரு பாட்டையும் கேட்டாள்.

"நான் அடி எடுத்துக் குடுத்தேனே, அதுவுமா இல்ல?"

"இல்லம்மா."

"உள்ள எங்கனா ஒளிஞ்சினு இருக்கப் போவுது, பாருங்கணா."

நான் பதில் சொல்வதற்குள் பாட்டுகள் முடிந்து அடுத்த பதிவு தானாக ஓட ஆரம்பித்தது. என் முன்னுரை. வணக்கம் சொல்லி, ஐந்தாம் வகுப்பு, நாற்பது வருஷம், குழாய் ஸ்பீக்கர் என்று நான் பேசிக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை விடாமல் பதிவாகியிருந்தது. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

அவன்தான் எழுந்து வந்தான். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. ஸ்பீக்கரின் வால்யூம் குமிழைப் பிடித்து, நான் செய்கிற மாதிரியே ஒரே திருப்பில் இறக்கினான்.

அவள் ஃபிளாஸ்கைத் திறந்து டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கித் துடைத்து ஃபிளாஸ்கை மூடினாள்.

"வரோம்ணா" என்றாள்.