பழகாத சுங்கான்

போன வாரம் ஆன்லைனில் ஓர் இரும்புத் தோசைக்கல் வரவழைத்தேன். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் கல் கருகருவென்று மினுங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஏற்கெனவே பழக்கிய கல்லாம், வாங்கிய அன்றே தோசை ஊற்றலாமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றுபோய், அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காலமெல்லாம் பிள்ளைகளை அதட்டி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருத்தி தோசைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைப்பதை நீங்கள் பார்த்திருந்தால், வெங்காயம் உரித்தாளாக்கும் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் 'பழக்குவது' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. மாட்டை ஏருக்குப் பழக்குவார்கள், கல்லைத் தோசைக்குப் பழக்குவார்கள். புதுச்செருப்பு காலைக் கடித்தால் பழகிரும் என்பார்கள். நான் நாசரேத்துக்காரி, சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண். காதலித்து, ரெண்டு வீட்டிலும் சண்டை போட்டு, தூத்துக்குடி கடற்கரையோரம் ஒரு கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாகப் போனேன். முதல் நாள் மீன் வெட்டத் தெரியாமல் நான் விரலை வெட்டிக்கொண்டு நிற்க, என் மாமியார் தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே சொல், "பழகிருவா." பழகிவிட்டேன், அதைப்பற்றிக் குறையில்லை.

மாமா, அதாவது என் புருஷன் சேவியரின் அப்பா, துறைமுகத்தில் டக் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய கப்பல்களை இழுத்துவந்து கரையணைக்கிற குட்டிக் கப்பல்தான் டக். வெளிநாட்டுக் கேப்டன் யாரோ பரிசாகக் கொடுத்ததில் தொற்றிக்கொண்ட பழக்கம், அவருக்கு வாயில் எப்போதும் புகைக்கிற பைப் இருக்கும். அதை அவர் 'சுங்கான்' என்றுதான் சொல்வார். வீட்டுக்குள் அதைப் பற்றவைக்க மாமி விட்டதில்லை. "குசினிக்குள்ள கப்பல் வந்துட்டுதா, இம்புட்டு பொக!" என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு வருவாள். மாமா கொல்லையில் முருங்கை மரத்தடிக்குப் போய்விடுவார். அந்தச் சுங்கான் ஒரு நாள் விரிசல் விட்டு, அடி ஓட்டையாகிவிட்டது.

சேவியருக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலை. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் பண்ணினார். "அம்மா, அப்பாவுக்கு ஒரு பைப் வாங்கிருக்கேன்" என்றார். மாமி உடனே, "தண்ணியே வாரதில்ல, பைப் எதுக்குலே?" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமி போனை என்னிடம் கொடுத்தபோதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை, பிறகு கூப்பிடுவதாக மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் அவர் குரலைக் கேட்டது அவ்வளவுதான்.

கப்பல் காற்றில் மாட்டிக்கொண்டது, என்ஜின் நின்றுவிட்டது என்று ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு தகவலே இல்லை. மும்பையில் இருந்த ஏஜென்ட் ஆபீசுக்கு நான் தினமும் போன் பண்ணுவேன். என் இங்கிலீஷ் இலக்கணம் அந்த நாட்களில் எங்கே போனதோ தெரியவில்லை. "அப்டேட் இல்ல மேடம்" என்று தமிழ் தெரிந்த ஒரு பையன் பதில் சொல்வான். அவன் குரல் கேட்டாலே போனை வைத்துவிடலாமா என்று இருக்கும். அவன் எடுக்காமல் போனால் எடுக்கும்வரை திரும்பத் திரும்ப அடிப்பேன்.

அந்த நேரத்தில்தான் செல்வராஜ் வந்தான். அதே கப்பலில் சேவியரோடு வேலை பார்த்தவன், வேம்பார்க்காரன். காற்றில் மாட்டுவதற்கு முந்தின துறைமுகத்திலேயே காண்டிராக்ட் முடிந்து இறங்கிவிட்டான். கடற்கரை ரோட்டு பஸ்ஸில் வந்து, உட்காரச் சொன்னால் உட்காராமல், காபி கொடுத்தால் குடிக்காமல், சேவியர் கொடுத்துவிட்ட பொதியை மாமி கையில் கொடுத்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்பாட்ட சொல்லச் சொன்னாம்மா. நான் வாரதுக்குள்ள இத நல்லாப் பழக்கி வச்சிரணும், வந்து நானும் ஒரு இழுப்பு இழுப்பேன்னு சொன்னான்" என்றான். தான் இறங்கிவிட்டதற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். மாமா அப்போது வீட்டில் இல்லை, துறைமுகத்தில் யாரிடமாவது ஏதாவது தெரியுமா என்று கேட்கப் போயிருந்தார்.

பொதியில் சுங்கானும் ஒரு டப்பா புகையிலையும் இருந்தன. டப்பாவைத் திறந்ததும் உலர்ந்த திராட்சை வாசனை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறப்போட்டது போல வீடெல்லாம் பரவியது. சுங்கான் வழவழவென்ற செம்மர நிறம். ஆனால் நெருப்பு வைக்கிற குழிக்குள் மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

அங்கேதான் மாமிக்குச் சந்தேகம். "எவனோ இழுத்துப் போட்டதப் போயி எம்புள்ள தலையில கட்டிருக்கானுவ. உள்ள பாருளா, ஒரே கரி!" நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். நான் திரும்பி வந்தபோது புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, உள்ளே வெள்ளை மரம் தெரிகிற அளவுக்குப் பளிச்சென்று, சுங்கான் முற்றத்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் மாமாவும் வந்தார். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, அது அழுக்கல்ல, பூச்சு. புது மரம் நெருப்பில் கருகிவிடாமல் இருக்கச் செய்கிறவர்களே உள்ளே பூசி அனுப்புவது. அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகையிலைக் கரி படிந்து தோல் கட்ட வேண்டும். தோல் கட்டினால்தான் சுங்கான் பழகியதாகக் கணக்கு. பூச்சையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டாளே என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏ சண்டாளி! புள்ள கடைசியா அனுப்புனதுளா அது!"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. 'கடைசி' என்ற அந்தச் சொல்லை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. வகுப்பில்கூட நான் கடைசி பெஞ்ச் என்று சொல்வதை விட்டுவிட்டு, பின்னால் உள்ள பெஞ்ச் என்று சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

"கடைசின்னு நீரு எப்படிச் சொல்லலாம்? ஒம்ம வாயில எப்படி வந்துச்சு?" மாமி முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். எனக்கு ரெண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது. என் புருஷன், முதலில் அழவேண்டியவள் நான். அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை மாமி எழுந்த கையோடு தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கினாள். அம்மியில் அரைத்து, முந்தானைத் துணியில் சலித்தாள். உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துக் கெட்டிப் பாகு காய்ச்சினாள். பாகில் கரியைக் குழைத்து, சுண்டுவிரலால் குழிக்குள் ஒரே சீராகத் தடவி நிழலில் வைத்தாள். அதிரசத்துக்குப் பாகு எடுக்கும்போதுகூட அவள் அவ்வளவு கவனமாக இருந்து நான் பார்த்ததில்லை. காய்ந்ததும் மாமா எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "கம்பெனிக்காரன் பூசுனதவிட நல்லா ஒட்டிருக்கு" என்றார். மாமி பாத்திரத்தில் ஒட்டியிருந்த பாகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஆரம்பித்தது. புதுச்சுங்கானை முழுக்க நிரப்பக் கூடாது. முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதி, பிறகுதான் முழுசாக. வேகமாக இழுக்கக் கூடாது, கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்திவிட வேண்டும். மாமா ஆணித் தலையால் புகையிலையை அமுக்கி, நிதானமாக இழுப்பார். கோழி இறகால் தண்டைச் சுத்தம் செய்வார். சுட்ட கருப்பட்டி வாசனையும் திராட்சை வாசனையும் கலந்து, பள்ளிக்கூடம் விட்டு நான் தெருமுனை திரும்பும்போதே வரும். இப்போது மாமி அவரைக் கொல்லைக்கு விரட்டுவதில்லை. நடு வீட்டில், மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். ஒரு நாள் இருமல் என்று அவர் சும்மா இருந்தபோது, "இன்னைக்கு ஏன் பத்த வைக்கல?" என்று இவளே தீப்பெட்டியை நீட்டினாள்.

யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் ஒரே எண்ணம்தான். வாரதுக்குள்ள பழக்கி வை என்று சேவியர் சொன்னதை நாங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். இது பழகினால் அவர் வந்துவிடுவார். அடையாளம் பார்ப்பது, கடவுளிடம் பேரம் பேசுவது எல்லாம் பாவம் என்று ஞாயிறு பள்ளியில் படித்து முதல் பரிசும் வாங்கியவள் நான். அந்த நான்தான் சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுங்கானுக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். தோல் கட்டியிருக்கிறதா, கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஏஜென்டுக்குப் போன் பண்ணும்போதுகூட அந்த விரலின் கரியைத் துடைக்க மாட்டேன்.

மாமாவின் தாத்தா முத்துக் குளித்தவர். மாமா ஒரு நாள் புகைக்கு நடுவில் சொன்னார், "அப்பம்லாம் ஒருத்தன் முங்குனா, மேல வள்ளத்துல கயித்தப் பிடிச்சிக்கிட்டு அவன் மச்சினன் நிப்பான். தங்கச்சி தாலிய நெனச்சு கைய விடமாட்டான்." சுங்கான் கையிலேயே அணைந்துவிட்டது. "இவனுக்கு யாரு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஆனாலும் அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டது போலவே இருந்தது.

டப்பா தீர்ந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் வேறு புகையிலை வாங்கினோம். அதில் திராட்சை வாசனை இல்லை. மாதங்கள் போய்க்கொண்டிருந்தன, சுங்கான் மட்டும் பழகுவதாக இல்லை. கரி படியும், மறுநாள் பார்த்தால் இருக்காது. "பழகிட்டா மாமா?" என்றால், "இன்னும் இல்லளா" என்பார். மரம் சரியில்லையோ, கருப்பட்டி சரியில்லையோ என்று நான் மண்டையைக் குழப்பிக்கொண்டேன்.

பரீட்சை நாள் ஒன்றில் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். குசினியில் மாமி சுங்கானை மடியில் வைத்துக்கொண்டு, இறால் உரிக்கிற சின்னக் கத்தியால் உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தாள். கீழே பேப்பரில் கருப்பாகத் தூள்.

"என்ன மாமி செய்யுதீக?"

"சத்தம் போடாத, ஒம் மாமா முழிச்சிருவாரு."

"அது படியணும் மாமி. படிஞ்சாத்தான பழகும்?"

"தெரியும்ளா." கத்தியை நிறுத்தவில்லை. "பழகிட்டுன்னே வச்சுக்க. அப்பமும் அவன் வரலேன்னா? நான் எங்கன போவேன், நீயே சொல்லு."

பையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முடித்ததும் அந்தக் கரித்தூளைப் பேப்பரோடு மடித்துக் குப்பையில் போட்டேன்.

தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஒரு நாள் சொன்னார்கள். அன்றும் மாமா பற்றவைத்தார். மறுநாள் மதியம் மாமி சுரண்டினாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், சம்பளம் வாங்கினேன், வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்ன அம்மாவோடு பேசாமல் இருந்தேன். வாசல் கதவை மட்டும் நாங்கள் யாரும் தாழ் போடுவதில்லை, சும்மா சாத்தித்தான் வைப்போம். வருசங்கள் அப்படியே போயின.

மாமி சர்க்கரை வியாதியில் காலமானாள். அடக்கம் முடிந்து ஊர்க்காரர்கள் வந்துபோவது ஓய்ந்ததும், மாமா பழையபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்தார். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன வா. வெரல விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தேன். வழவழவென்று, எங்கேயும் பிசிறு இல்லாமல், ஒரே சீராகத் தோல் கட்டியிருந்தது.

"பழகிட்டு" என்றார் மாமா. "அவ சுரண்டுதான்னு எனக்கு மொதல்லயே தெரியும். கேட்டா நிப்பாட்டிருவா. அவ நிப்பாட்டிரக் கூடாதேன்னுதான் நான் கேக்கல."

சாம்பலைத் தட்டினார், இறகு விட்டுத் துடைத்தார், சுங்கானை மேசைமேல் வைத்தார். எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ் போட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் வாய்விட்டு அலறிவிட்டேன். அதன் பிறகு அவர் புகைத்ததில்லை, அதிக நாள் இருக்கவுமில்லை.

அந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். கப்பல்காரர்களுக்குச் சாமான் விற்ற கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. வேம்பாரிலிருந்து செல்வராஜ் கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தான், அதுவும் நின்றுவிட்டது. தெரிந்தவர்கள், "இவ்வளவு வருசம் ஆச்சு, பழகிருக்கும் டீச்சர்" என்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன்.

தோசைக்கல் வந்த அன்று அலமாரியிலிருந்து சுங்கானை எடுத்தேன். மோந்து பார்த்தால் கருப்பட்டியும் இல்லை, திராட்சையும் இல்லை. விரலில் மட்டும் கரி ஒட்டியது. குசினியில் மாமியின் இறால் கத்தி இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவந்து குழிக்குள் வைத்தேன். சுரண்டாமலே கத்தியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சுரண்டிவிடலாம், ஆனால் திரும்ப அதில் கருப்பேற்ற இந்த வீட்டில் யாரும் இல்லை.