எதிர்க்கடை ஹெல்வெட்டிகா

கம்ப்யூட்டரில் தட்டிப் பக்கம் அமைக்கும் டிடிபி தொழிலில் கண்ணும் முதுகும் போவது சகஜம். எதிரிலேயே இன்னொருத்தி கடை போட்டால் தூக்கமும் போகும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் என் கடை, எதிரே ஸ்டெல்லா கடை. ஒரே இன்ஸ்டிடியூட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தட்டப் பழகியவர்கள் நாங்கள். அவள் இப்போது மேக் வாங்கிவிட்டாள். அதில் ஹெல்வெட்டிகா என்ற ஆங்கில எழுத்து வகை இருக்கிறது. என் விண்டோஸில் இருப்பது ஏரியல். இரண்டுமே முனையில் கொக்கி இல்லாத மொட்டை எழுத்துகள்தான். எனக்கு மாதம் தவறாமல் வந்த ஒரே வேலை சொல்தாக்கள் சங்கத்தின் பிரெஞ்சுச் செய்தி மடல்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்கள் அவர்கள். அதுவும் எதிரே போய்விட்டால் நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஓசி

மெனு கார்டு அடிக்க வந்த ஓட்டல்காரர் ஹெல்வெட்டிகா கேட்டார். "இது ஏரியல் சார், பார்க்க அதே மாதிரிதான், கம்ப்யூட்டரோடயே வந்தது" என்று பெருமையாகக் காட்டினேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஓசியில வந்ததாம்மா? அப்ப எதிர்க்கடையில பாத்துக்கறேன்."

காலைப் பார்

எனக்கு பிளேட் போட்டுக் கொடுக்கும் ஆப்செட் பிரஸ் செல்வம்தான் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தார். ஹெல்வெட்டிகாவில் 'ஆர்' எழுத்தின் கால் நேராகக் கீழே இறங்கும்; ஏரியலில் சாய்வாக நீட்டும். சின்ன 't'யின் தலையை ஹெல்வெட்டிகா நேராக வெட்டும், ஏரியல் சரிவாக வெட்டும். தெரிந்துகொண்டதுதான் வினை. அதன்பிறகு ஊரில் எந்த போர்டைப் பார்த்தாலும் அவள் வேலையா என்று காலைத்தான் பார்ப்பேன். வீராம்பட்டினம் தேருக்குப் போயிருந்தபோது ஒரு விளம்பரத் தட்டியின் முன்னால் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார்.

"தேர் அந்தப் பக்கம் போவுது. நீ எந்தச் சாமியக் கும்புட்டுக்கினு நிக்கற?"

அசையாத வரி

செய்தி மடல் வேலையைக் கொண்டுவரும் சங்கத்துப் பெரியவரை 'மிசியே' என்றுதான் கூப்பிடுவோம்; ஒரு மாதம் அவர் வரவில்லை. எதிர்க்கடைப் படியில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஸ்டெல்லா ஒரு கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போன அன்று, ஒரு பெயரைத் திருத்த வேண்டும் என்று அவள் கொடுத்த சிடியோடு என்னிடமே வந்தார்.

உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். என்னிடம் ஹெல்வெட்டிகா கிடையாது. வேறு எழுத்து வந்து உட்கார்ந்தால் வரிகள் கலையும், பக்கம் வழியும், அவள் மானம் போகும். ஃபைலைத் திறந்தேன். ஹெல்வெட்டிகா இருந்த இடத்தில் ஏரியல் வந்தது. ஒரு வரி அசையவில்லை. செல்வத்துக்கு போன் போட்டுப் புலம்பினேன்.

"எப்படிக்கா அசையும்? லேசர் பிரிண்டர் வந்த காலத்துல ஹெல்வெட்டிகாவுக்குப் பதிலா வரைஞ்சதுதானே ஏரியல்! உருவம் வேற, அகலம் மட்டும் எழுத்துக்கு எழுத்து அதே அளவு."

இரண்டு தாள்

சரி, அதையே என் கட்சிக்கு ஆதாரமாக்கிக்கொண்டேன். அவள் அடித்த தாள் மேல் என் தாளை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மிசியேவுக்குக் காட்டினேன். வரிமேல் வரி அப்படியே உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களா மிசியே? ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் அங்க போறீங்க?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"எழுத்து ஒண்ணுதான் மதாம். அந்தப் பொண்ணு என்னப் பாத்ததும் 'போன்ழூர் மிசியே'ன்னு வணக்கம் சொல்லி சிரிக்குது. நீங்க, 'எதிர்க்கடையில யாரு வந்துட்டுப் போறா'ன்னு கேக்கறீங்க."

மறுநாளிலிருந்து நானும் வாசலில் நின்று 'போன்ழூர்' சொல்கிறேன். அதுவும் ஏரியல் மாதிரி அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அசலும் செய்தி மடலும்தான் இன்னும் ஸ்டெல்லாவிடம் இருக்கின்றன.