அம்புக்குறி அழிந்த ஆயுத பூஜை

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை வந்தால் அம்மாவின் கையிலிருந்து எந்தப் பொருளும் தப்ப முடியாது. அப்பாவின் ஸ்கூட்டர், தையல் மெஷின், அரிவாள்மணை, என் ஜாமெட்ரி பெட்டி, எல்லாம் குளித்து முழுகி, சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அந்த வரிசையில் சித்தியின் கற்களும் சேர்ந்துகொண்டன.

சித்தி அம்மாவின் தங்கை. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்களோடு தங்கிப் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பெல்காம் பக்கத்து மலையில் வெட்டிய கற்களை ரயிலில் சுமந்து வந்து, எங்கள் மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தாள். பார்த்தால் உடைந்த அம்மிக்கல் மாதிரி கன்னங்கரேலென்று இருக்கும். ஆனேக்கலில் இருந்த தாத்தாவோ அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவே செய்துவிட்டார். அதற்குள் ஆராய்ச்சி முடிந்தால் சரி, இல்லாவிட்டால் கல்லுக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

தங்கையின் ஆயுதம் இதுதானே என்று அம்மாவுக்குப் பாசம் பொங்கிவிட்டது. பாத்திரம் தேய்க்கும் பொடியைப் போட்டு, தேங்காய் நாரால் ஒவ்வொரு கல்லையும் அழுத்தித் தேய்த்தாள். நல்ல கல்லில் யாரோ மையால் கிறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று சலிப்பு வேறு.

சாயங்காலம் சித்தி வந்தாள். பளபளவென்று சந்தனப் பொட்டோடு நின்ற கற்களைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அம்புக்குறி எங்கக்கா?"

அந்தக் கிறுக்கல்தான் விஷயமே. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அதிலிருக்கும் இரும்புத் துணுக்குகள் அன்றைய வடக்கைப் பார்த்தபடி உறைந்துவிடுமாம். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கின்றனவாம். மலையில் எந்த அடுக்கு வடக்கைப் பார்க்கிறது, எது தெற்கைப் பார்க்கிறது என்று தெரிந்தால், புடவைக் கரையோடு ரவிக்கைத் துணியை வைத்துப் பார்ப்பது போல, ஏற்கெனவே தெரிந்த மாற்றங்களின் வரிசையோடு பொருத்தி மலையின் வயதைச் சொல்லிவிடலாம். ஆனால் கல் மலையில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதற்கு அந்த அம்புக்குறி ஒன்றுதான் சாட்சி. இதையெல்லாம் சித்தி அழுதுகொண்டே சொன்னாள். எனக்குப் புரிந்தது வடக்கு இடம் மாறும் என்பது மட்டும்தான். அதற்கே உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"குத்துமதிப்பா ஒரு அம்பு போட்டுடேம்மா, கல்லு என்ன கேஸா போடப்போவுது?" என்றார் அப்பா. சித்தி பார்த்த பார்வையில், ஏற்கெனவே துடைத்த ஸ்கூட்டரை மறுபடியும் துடைக்கப் போய்விட்டார்.

அம்மா அழவில்லை. ஒரு கல்லை எடுத்துச் சந்தனத்தைக் கழுவி, டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கற்களில் ஊசி குத்தினாற்போல் நுணுக்கமான பொத்தல்கள் நிறைய இருந்தன. திடீரென்று கத்தினாள்.

"இங்க பாருடி! பொத்தலுக்குள்ள மை நிக்குது!"

நாரால் மேலே இருந்ததைத்தான் தேய்க்க முடிந்திருக்கிறது. பொத்தல்களுக்குள் ஒட்டியிருந்த மைப் புள்ளிகளைச் சேர்த்தால் அம்பு! அப்புறம் வீடு வீடாக இல்லை. பொரியை மறந்தோம், பூசணிக்காயை மறந்தோம். ஆளுக்கொரு கல்லை மடியில் வைத்துக்கொண்டு, "கிடைச்சுது, கிடைச்சுது" என்று கூச்சல் போட்டோம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு எனக் கேட்டுப் பதறிக்கொண்டு ஓடிவந்து, அவரும் ஒரு கல்லோடு உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு கல் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, கற்களை லேபில் அளந்து பார்த்துவிட்டு சித்தி கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, தெக்கு! அடியில இருக்கற கல்லெல்லாம் தெக்க பாக்குது! மேல இருக்கறது வடக்க!"

அம்மா முறுக்கு மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். வடக்கு தெற்காக இருந்ததாம் என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். அன்று என்னைவிடப் பெரிய செய்தி வைத்திருந்தவர் பெங்களூரில் யாரும் இல்லை.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது சித்தியின் குரல் இறங்கியிருந்தது. திசை மாறிய இடம் மலையின் நடுவில் எங்கேயோ இருக்கிறது. திரும்பப் போய் அங்கே கல் எடுக்க வேண்டும். தைக்குள் நடக்கிற காரியம் இல்லை. அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அம்மாவின் கல்லூரிப் படிப்பும் ஒரு கல்யாணத்தில்தான் பாதியில் நின்றது.

மறுநாள் காலையில் அம்மா பெரிய டப்பா நிறைய முறுக்கை எடுத்துக்கொண்டு தனியாக ஆனேக்கலுக்கு பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பியபோது கண் இரண்டும் வீங்கியிருந்தன. டப்பாவும் கூடவே திரும்பி வந்திருந்தது.

"நீ போய்க் கல்லு எடுத்துட்டு வா. தையில கல்யாணம் இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள் சித்தியிடம்.

சித்தி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அடுத்த சில தீபாவளிகளுக்கு நாங்கள் ஆனேக்கல் பக்கமே போகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கு முறுக்கு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். முழு டப்பாவும் எனக்கே என்ற சந்தோஷத்தில் மூடியைத் திறந்தேன்.